சார்யோத், கியோங்ரே!

எங்கள் தெருவில் யாரும் அதை டேக்வாண்டோ என்று சொன்னதே கிடையாது. "பையன் கராத்தே போறான்" என்றுதான் அம்மா பக்கத்து வீட்டில் சொல்வார். பத்து வருஷம் கழித்தும் அதேதான். ஒருமுறை திருத்தப் பார்த்தேன். "கராத்தே ஜப்பான்மா, இது கொரியா." "எந்த ஊரா இருந்தா என்னா, காலத் தூக்கி உதைக்கிறதுதானே" என்று முடித்துவிட்டார்.

பின்னாளில் படித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் பாதி உண்மை. 1945-ல் ஜப்பான் ஆட்சி முடிந்த பிறகு கொரியாவில் புதிது புதிதாகச் சண்டைப் பள்ளிகள் முளைத்தன. அவற்றை ஆரம்பித்தவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். டேக்வாண்டோ என்ற பெயரே 1955-ல்தான் வந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் பத்து வருஷத்துக்குக் கராத்தேதான்.

தேங்காய்த்திட்டு தெரியாத ஹாஸ்டல் நண்பர்களுக்காக: புதுச்சேரி டவுனுக்குத் தெற்கே, முதலியார்பேட்டையை ஒட்டி, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஏரியா. மீன்பிடித் துறைமுகம் இங்கேதான். கழிமுக ஓரமெல்லாம் அலையாத்திச் செடிகள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடலாம். டீசல் வாசனை என்றால் படகுத்துறைப் பக்கம், சேற்று வாசனை என்றால் ஆற்றுப் பக்கம். எங்கள் கிளாஸ் நடந்தது இந்த இரண்டும் மாறி மாறி வரும் ஒரு மொட்டை மாடியில். மேலே தகர ஷீட், கீழே பல் பல்லாகக் கோர்த்துக்கொள்ளும் சிவப்பு, நீல ஃபோம் மேட். மழைக்காலத்தில் மேட்டைக் கழற்றி ஓரமாக அடுக்கிவிட்டு, ஷீட்டில் மழை விழும் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி எண்ணுவோம். ஹனா, துல், செத், நெத், தாசொத்.

நாலாவது படிக்கும்போது சேர்ந்தேன். முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே ஓடினேன். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வெளிய போய்ட்டு மறுபடி வா" என்றார். போய்விட்டு வந்தேன். "மறுபடி." மூன்றாவது தடவை ஒரு அண்ணா வந்து காதில் சொன்னார்: "வாசல்ல நின்னு குனிஞ்சிட்டு வாடா." யாருக்கு? மாடியில் எனக்கு நேராக யாருமே இல்லை. சுவரில் ஒரு இந்தியக் கொடி, ஒரு கொரியக் கொடி, பக்கத்தில் தண்ணி கேன். அந்தத் தண்ணி கேனைப் பார்த்துக் குனிந்தேன். அன்றைக்குப் பையன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. செருப்பை வாசலைப் பார்த்து வரிசையாக விட வேண்டும். பெல்ட் அவிழ்ந்தால் மாஸ்டருக்கும் கொடிக்கும் முதுகு காட்டித் திரும்பி நின்று கட்ட வேண்டும். முதுகு காட்டுவது மரியாதைக் குறைவு என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், இங்கே நேர் எதிர்: உடையைச் சரிசெய்வதை ஒருவர் முகத்துக்கு நேரே செய்யக் கூடாது. எதையும் இரண்டு கையால் வாங்க வேண்டும், இரண்டு கையால் கொடுக்க வேண்டும். இதை மட்டும் பாட்டி கேட்டுவிட்டு, "நல்ல வாத்தியார்தான்" என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார். கொரியாக்காரர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொன்னபோது பாட்டி நம்பவே இல்லை.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வரிசைதான். வயசுப்படியோ உயரப்படியோ இல்லை, பெல்ட்படி. வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. எனக்கு முன்னால் நின்றது இரண்டாவது படிக்கிற ஒரு பெண், பச்சை பெல்ட். மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். ஜோடி சேர்ந்து கிக் பேட் பிடிக்கும்போது அதற்கு நான் குனிய வேண்டும். முதல் வாரம் கழுத்தை மட்டும் லேசாக ஆட்டினேன். அந்தப் பெண் பேடைக் கீழே வைத்துவிட்டு, "ஒழுங்கா குனி, அப்பதான் பிடிப்பேன்" என்றது. மாஸ்டர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். குனிந்தேன். அதுவும் குனிந்தது, என்னைவிட ஆழமாக.

பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா விளையாட்டிலும் உள்ளதுதான், சலிப்பு. தோல்யோ சாகி என்று ஒரு உதை. முட்டியை முதலில் மேலே தூக்கி, இடுப்பைத் திருப்பி, கடைசியில்தான் கால் சுழன்று போகும். அதை ஒரு நாளைக்கு இந்தக் காலில் நூறு, அந்தக் காலில் நூறு. நிற்கிற காலின் குதிகால் திரும்பவில்லை என்றால் மறுபடி ஒன்றிலிருந்து. ஆறு மாசம் எனக்கு அந்தக் குதிகால் திரும்பவே இல்லை. ஃபோம் மேட்டில் கட்டைவிரல் தோல் உரிந்து, பிளாஸ்திரி ஒட்டி, அதுவும் உரிந்து, மறுநாள் ஸ்கூல் ஷூ போட்டால் உயிர் போகும். மாஸ்டர் பகலில் வேறு வேலை பார்ப்பவர், சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வேலைச் சட்டையோடு வந்து மாடியில் மாற்றிக்கொள்வார். மாசம் முன்னூறு ரூபாய் ஃபீஸ். கொடுக்க முடியாதவர்களிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

பூம்சே என்று ஒன்று உண்டு. எதிராளி இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒரு வரிசையில் தடுத்து, குத்தி, உதைத்து முடிப்பது. கறுப்பு பெல்ட்டுக்கு முன் தேகுக் ஒன்று முதல் எட்டு வரை தெரிந்திருக்க வேண்டும். சிலம்பத்தில் சலாம் வரிசை ஆடிவிட்டு ஆரம்பிப்பார்களே, கபடியில் கோட்டைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி இதுவும் குனிந்துதான் தொடங்கும், குனிந்துதான் முடியும். எனக்குப் பூம்சே பிடிக்காது. சண்டைதான் பிடிக்கும். கியோருகி. நீலம் ‘சங்', சிவப்பு ‘ஹோங்'. நடுவர் "சார்யோத்" என்றால் நேராக நிற்க வேண்டும். "கியோங்ரே" என்றால் குனிய வேண்டும். "ஜூன்பி" என்றால் தயார். "சிஜாக்" என்றால் ஆரம்பம். இந்த நாலு வார்த்தைக்கு நடுவில் வயிற்றுக்குள் ஓடுவதை எழுத முடியாது. வைவாவுக்கு வெளியே உங்கள் ரோல் நம்பருக்காகக் காத்திருக்கும்போது வருவதை மூன்று மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பிளஸ் டூ படிக்கும்போது உப்பளத்தில் ஒரு செலக்‌ஷன் போட்டி. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். ஜெயித்தால் வெளிமாநிலத்தில் நேஷனல் ஆடலாம். அந்த சர்ட்டிபிகேட் இருந்தால் சென்டாக்கில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஒரு வழி. எங்கள் வீட்டில் பத்து வருஷ ஃபீஸும் சேர்ந்து அந்த ஒரு தாளாக மாறி நின்றது. அப்பா வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க ராத்திரி வரும்போது எனக்கு மட்டும் ஆப்பிள் வாங்கி வந்தார்.

ஆப்பிளைச் சாப்பிட முடியாது என்பதுதான் வேடிக்கை. ஜூனியர் பையன்களுக்கு 51-க்கு மேல் 55 வரை ஒரு எடைப் பிரிவு. நான் 55.8. முந்தின நாள் மத்தியானம் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு துறைமுகச் சாலையில் ஓடினேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணன், "மழையே இல்லியேடா தம்பி" என்றார். தண்ணி குடிக்காமல், எச்சிலைத் துப்பித் துப்பி, சாயங்காலம் தராசில் ஏறினபோது 54.9. இது உடம்புக்கு நல்லதில்லை என்று மாஸ்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், செய்யாதீர்கள். மேல் பிரிவில் ஆடுங்கள்.

ஃபைனலுக்கு வந்துவிட்டேன். எதிரில் வேறு கிளப் பையன், என்னைவிட உயரம், நீளமான கால். நெஞ்சுக் கவசத்தில் உதை பட்டால் இரண்டு புள்ளி, தலையில் மூன்று, சுழன்று உதைத்தால் அதற்கு மேல் இரண்டு சேரும், உடம்பில் சரியான குத்துக்கு ஒன்று. இப்போதெல்லாம் மூன்று ரவுண்டில் இரண்டை ஜெயிக்க வேண்டும். அப்போது மூன்று ரவுண்டு மொத்தப் புள்ளி. கடைசி ரவுண்டில் கடிகாரத்தில் பத்து வினாடிக்குக் கீழே இருக்கும்போது நான் 12, அவன் 11. ஓரத்தில் நின்று சமாளித்தால் போதும். அவன் உள்ளே வந்து இரண்டு கையாலும் தள்ளினான். என் கால் கோட்டுக்கு வெளியே போனது.

எல்லையைத் தாண்டினால் காம்ஜொம், எதிராளிக்கு ஒரு புள்ளி. ஆனால் எதிராளி தள்ளி வெளியே அனுப்பினால் காம்ஜொம் தள்ளினவனுக்கு. நடுவர் "காலியோ" என்று நிறுத்தினார். விரலை என் பக்கம் நீட்டினார். 12-12. கோல்டன் ரவுண்டு. அதில் முதல் உதை அவனுடையது. சத்தமாக, சுத்தமாக, நெஞ்சுக் கவசத்தின் நடுவில்.

"ஹோங் சூங்." சிவப்பு வெற்றி.

அதற்கு முன்னால் குனிய வேண்டும். முடிந்ததும் எதிராளிக்கு, நடுவருக்கு, அப்புறம் எதிராளியின் கோச்சுக்குப் போய்க் குனிந்து கை கொடுத்துவிட்டு வர வேண்டும். நான் ஹெட் கார்டைக் கழற்றினேன், திரும்பினேன், மேட்டை விட்டு இறங்கிப் போய்விட்டேன். நடுவர் "சங்!" என்று கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது அந்தப் பையன் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தான். நான் இருந்த காலி இடத்தைப் பார்த்துக் குனிந்தான். நேராக எங்கள் மாஸ்டரிடம் போய்க் குனிந்தான். மாஸ்டரும் குனிந்து, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ சொன்னார். அப்புறம், நான் இதை எதிர்பார்க்கவே இல்லை, மாஸ்டர் மேட்டைச் சுற்றி நடந்துபோய் அந்தப் பையனுடைய கோச்சின் முன்னால் நின்று குனிந்தார். அந்தக் கோச்சுக்கு எங்கள் மாஸ்டரைவிடப் பத்து வயசாவது குறைவாக இருக்கும். நான் செய்யாததை அவர் செய்தார்.

வண்டியில் வரும்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். முதலியார்பேட்டை வந்தது, தேங்காய்த்திட்டு வந்தது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "கால் வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "ஐஸ் வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறுநாளே கிளாஸுக்குப் போயிருப்பேன். திட்டாததால் மூன்று வாரம் போகவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை இங்கே சொல்தா என்போம் என்பது பாண்டிக்காரர்களுக்குத் தெரியும். இந்தத் தாத்தா சின்ன வயசில் அல்ஜீரியாவில் இருந்தவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைக் கணக்கெடுப்பார்.

"என்னாடா, கிளாஸ் போறதில்லியாமே?"

"தோத்துட்டேன் தாத்தா. ஏமாத்திட்டாங்க."

"அதுக்கு?"

"அவனுங்களுக்குப் போய்க் குனிஞ்சி வணக்கம் வேற வைக்கணுமாம்."

தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நான் இருவது வருசம் சல்யூட் அடிச்சேன். அதுல பாதிப் பேரு முட்டாப் பசங்க. அவனுங்களுக்கா அடிச்சேன்? தோள்ல இருந்த பட்டைக்கு அடிச்சேன்."

"பட்டைக்காரன் தப்பா எதாச்சும் செய்யச் சொன்னா?"

இதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. தாத்தா என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். "செஞ்சோம்" என்றார். "போ, நேரமாவுது பாரு."

அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. தாத்தா சொன்ன முதல் பாதி எனக்கு ஒத்துவரவில்லை, இன்றைக்கும் ஒத்துவரவில்லை. பட்டையைப் பார்த்துக் குனிந்து குனிந்துதானே உலகத்தில் பாதி அநியாயம் நடந்திருக்கிறது. இரண்டாவது பாதியை அவர் சொல்லவே இல்லை என்பதால் அது மனசை விட்டுப் போகவும் இல்லை.

திரும்பக் கிளாஸுக்குப் போனபோது மாஸ்டர் எதுவும் நடக்காத மாதிரி வார்ம்-அப் ஆரம்பித்தார். முடிந்ததும் பெரிய பையன்களை உட்கார வைத்துப் போனில் ஒரு வீடியோ காட்டினார். 2008 ஆகஸ்ட் 23, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ், வெண்கலப் பதக்கச் சண்டை. கியூபாவின் ஆங்ஹெல் மாத்தோஸ், எதிரில் கசகஸ்தான் வீரர். மாத்தோஸ் காலில் அடிபட்டு உட்கார்கிறார். காயத்துக்குக் கொடுக்கும் ஒரு நிமிஷம் தாண்டிவிட்டது என்று நடுவர் சண்டையை முடித்துத் தோல்வி என்று அறிவிக்கிறார். மாத்தோஸ் எழுந்து வந்து நடுவரின் முகத்திலேயே உதைக்கிறார். வீடியோ அவ்வளவுதான். வாழ்நாள் தடை, கோச்சுக்கும் சேர்த்து.

"இந்த ஆளு யாருன்னு தெரியுமா?" என்றார் மாஸ்டர். யாருக்கும் தெரியவில்லை. "2000-த்துல சிட்னில தங்கம். டேக்வாண்டோ பதக்க விளையாட்டா வந்த மொத ஒலிம்பிக்ஸ். அதுல தங்கம் வாங்கினவரு."

நான் உதைக்கவில்லையே, நடந்துதானே போனேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

ஆனால் அதே நாள், அதே அரங்கத்தில் நடந்த இன்னொரு கதையை மாஸ்டர் காட்டவில்லை. நானாகத் தேடிப் படித்தது. பிரிட்டனின் சாரா ஸ்டீவன்சன், அதற்கு முன் இரண்டு ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய சீனாவின் சென் சோங்கின் முகத்தில் கடைசி வினாடிகளில் உதைத்தார். நடுவர்கள் புள்ளி கொடுக்கவில்லை. சீனா வெற்றி என்று அறிவித்தாயிற்று. பிரிட்டன் அணி முறைப்படி அப்பீல் செய்தது, வீடியோ பார்த்தார்கள், முடிவு மாறியது. சாரா மேலே போய் வெண்கலம் வாங்கினார். அடுத்த ஒலிம்பிக்ஸில், 2012 லண்டனில், மின்னணுக் கவசமும் வீடியோ ரீப்ளேயும் வந்துவிட்டன. இப்போது பெரிய போட்டிகளில் கோச் கையில் ஒரு கார்டு இருக்கும். சந்தேகம் என்றால் கார்டைத் தூக்கிக் காட்டலாம்.

இதை மாஸ்டரிடம் சொன்னேன். "அவங்க கிட்ட கேமரா இருந்துச்சி மாஸ்டர். நம்மகிட்ட என்ன இருக்கு?" அவர் யோசித்துவிட்டு, "அது நெசம்தான்" என்றார். அவ்வளவுதான். என் தரப்பில் நியாயம் இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்ட ஒரே இடம் அது. அந்தக் காம்ஜொம் தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கோல்டன் ரவுண்டில் வாங்கிய உதையை யாரும் தள்ளிவிட்டு வாங்கவில்லை. அதை ஒத்துக்கொள்ள ஒரு வருஷம் ஆனது.

நேஷனல் இல்லை, ஒதுக்கீடு இல்லை. மார்க்கை வைத்துக் கிடைத்தது இசிஇ. சிஎஸ்இ நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.

இசிஇ வந்ததால் ஒரு காரியம் நடந்தது. மினி புராஜெக்ட்டுக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து, எலெக்ட்ரானிக் செஸ்ட் கார்டை நாமே மலிவாகச் செய்யலாம் என்று கிளம்பினோம். ஒரிஜினல் செட்டின் விலையைப் பார்த்தால் எங்கள் மாதிரி மாடி கிளாஸ்கள் கனவிலும் வாங்க முடியாது. அதில் காலுறையில் காந்தம் இருக்கும், கவசத்துக்குள் சென்சார் இருக்கும். இரண்டும் கிட்டே வந்து, அடியும் வேண்டிய அளவு விழுந்தால்தான் புள்ளி. எடைப் பிரிவுக்குத் தகுந்தபடி அந்த அளவு மாறும். நாங்கள் பழைய செஸ்ட் கார்டில் எட்டு பைசோ டிஸ்க்கை ஒட்டி, ஆர்டுயினோவில் கோர்த்தோம். த்ரெஷோல்டைக் குறைத்தால், மூச்சு விட்டாலே புள்ளி. கூட்டினால், நான் ஓடிவந்து உதைத்தாலும் சைபர். வியர்வை இறங்கியதும் இரண்டு டிஸ்க் செத்துப்போனது. ரிவ்யூ அன்றைக்கு மேடம் தட்டிப் பார்த்தபோது மட்டும் கரெக்ட்டாக வேலை செய்தது. கடவுள் இருக்கிறார்.

சென்சார் வந்ததால் எல்லாம் நியாயமாகிவிடவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. மெஷினுக்குப் புள்ளி வாங்கத் தெரிந்தவர்கள் முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாள் சண்டை மாதிரி லொட்டு லொட்டென்று தொட ஆரம்பித்தார்கள். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்தது. காலை மூன்று வினாடிக்கு மேல் தூக்கி வைத்துத் தடுத்தால் காம்ஜொம் என்று அதற்கும் விதி எழுத வேண்டியதாயிற்று.

குனிவது பற்றி இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேறு ஒரு காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் என் ஸ்கூல் நண்பன் ஃபர்ஸ்ட் இயரில் போன் செய்து அழுதான். சீனியர்களைப் பார்த்தால் நின்று, தலையைக் குனிந்து, சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்துக்கொண்டு ‘விஷ்' பண்ண வேண்டுமாம். பண்ணவில்லை என்றால் ராத்திரி ரூமுக்குக் கூப்பிடுகிறார்கள். "நீதான் பத்து வருஷமா குனிஞ்சவனாச்சே, இதெல்லாம் சகஜம்தானே?" என்று கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் அந்த மூக்கொழுகிப் பெண் ஞாபகம் வந்தது. "உங்க சீனியர் திருப்பிக் குனியிறானாடா?" என்றேன். "இல்ல." "அப்ப அது வேற." ராகிங் புகாரை அன்றைக்கே எழுத வைத்தேன். வணக்கத்தை ஒருத்தன் மட்டும் வைத்தால் அதற்கு வேறு பெயர்.

மாடி கிளாஸில் இப்போது நான் சனி, ஞாயிறு சின்னப் பசங்களுக்கு உதவி செய்கிறேன். போன வருஷம் குட்டிப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் போட்டி. கேமரா கிடையாது, சென்சார் கிடையாது. மூலைக்கு ஒருவராக மூன்று ஜட்ஜ், கையில் பட்டன். மூன்றில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் போர்டில் புள்ளி ஏறும். ஆள் குறைந்தது என்று என்னையும் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள்.

காலையிலிருந்து முப்பது சண்டையாவது பார்த்திருப்பேன். மத்தியானம் கண் எரிந்தது. பத்து வயசு இருக்கும் ஒரு பெண், நீலம், ஒரு புள்ளி பின்தங்கி இருந்தது. கடைசி வினாடிகளில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். எதிராளியின் முதுகு என் பக்கம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு கால் மேலே போனது தெரிந்தது. சத்தமும் கேட்டது. கட்டைவிரல் பட்டனில் இருந்தது. பட்டதா? உறுதியில்லை. உறுதி இல்லாமல் அழுத்தக் கூடாது என்று காலையில்தான் சொல்லித் தந்திருந்தார்கள். அழுத்தவில்லை. எதிர் மூலை ஜட்ஜ் மட்டும் அழுத்தியிருக்கிறார். ஒரு ஓட்டு. போர்டு அசையவில்லை. சண்டை முடிந்தது.

கேலரியிலிருந்து ஒருவர், அப்பாவாக இருக்க வேண்டும், "ஏம்ப்பா, கண்ணு தெரியாதவனை எல்லாம் உக்கார வெச்சிருக்கீங்களா?" என்று கத்தினார். என் முகம் சூடாகிவிட்டது. அந்தப் பெண் எதிராளிக்குக் குனிந்தது. நடுவருக்குக் குனிந்தது. எதிர் கோச்சிடம் ஓடிப்போய்க் குனிந்தது. போகும்போது எங்கள் மூலைக்கும் ஒரு தடவை. ஹெட் கார்டைக் கழற்றின தலைமுடி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்தேன்.

உப்பளத்தில் அன்றைக்கு விரலை நீட்டினவர் எங்கே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார், என்ன நினைத்திருப்பார் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன். அவரும் அந்தப் பக்கத்திலிருந்து முதுகை மட்டும் பார்த்திருக்கலாம். பார்த்தே செய்திருக்கவும் கூடும். எனக்குத் தெரிய வழியில்லை. அந்தச் சிவப்புப் பையன் இன்ஸ்டாகிராமில் இருக்கிறான். "ப்ரோ, அன்னைக்கு" என்று டைப் பண்ணி இரண்டு தடவை அழித்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் லெமன் சாதப் பொட்டலத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் கையில் இன்னொரு பொட்டலத்தோடு வந்து நின்றது. இரண்டு படி கீழே நின்று குனிந்தது. நான் பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்து நின்று குனிந்தேன்.

"அண்ணா, நான் ஒதைச்சது தலைல படலியா?"

"நான் ஒக்காந்த எடத்துலேர்ந்து தெரியலம்மா. பட்டுச்சா?"

"பட்டுச்சுண்ணா. இங்க." தன் காதுக்கு மேலே தொட்டுக் காட்டியது.

"அப்ப நாந்தான் பாக்கல. தப்பு என்னுது."

கொஞ்ச நேரம் யோசித்தது. "இப்ப மூணு பாயின்ட் குடுப்பீங்களா?"

"இல்லம்மா. இனிமே குடுக்க முடியாது."

"ம்" என்றது. ரொம்ப நியாயமான "ம்." அப்புறம் அதே படியில், எனக்குப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தது. "ஊறுகா வெச்சிருக்காங்களாண்ணா உங்களுக்கு? எனக்கு வெக்கல."

என்னுடையதில் இருந்தது. இரண்டு கையாலும் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.